ஏரிக்கு மேலே என்ன மரம் நிற்கிறது?

(கல்லங்குறிச்சி மக்களுக்கான நீர்வள விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)



கல்லங்குறிச்சின்னா வெளியூர்க்காரங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கலியுக வரதராசப் பெருமாள் கோயில். நிலவியல் படித்தவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அப்போது படிந்த சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் அடுக்குக்கே உங்கள் ஊர்ப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது கோயிலைப் பற்றியும் இல்லை, கல்லைப் பற்றியும் இல்லை. மரத்தையும் ஏரியையும் பற்றி.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் இருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரு விஷயம் சொல்வார்கள். "மழை பெய்யத்தான் பெய்யுது, ஏரிதான் ரொம்ப மாட்டேங்குது." உடனே நாம் என்ன செய்கிறோம்? ஏரியைப் போய்ப் பார்க்கிறோம். தூர் வாரணும், கரையை உயர்த்தணும், மதகைச் சரி செய்யணும் என்று மனு எழுதுகிறோம். இவை எல்லாமே தேவையான வேலைகள்தான். ஆனால் ஏரிக்குத் தண்ணீர் வருவது கரையிலிருந்து இல்லை, மேட்டிலிருந்து. அந்த மேட்டில் என்ன நிற்கிறது, அதை யார் எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பதை நாம் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. தைலமரத் தோப்பு, சவுக்குத் தோப்பு, முந்திரித் தோப்பு, சீமைக் கருவேலங்காடு என்று நம்ம பக்கத்து மேடுகளில் நிற்பவற்றை நீங்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் போகிறீர்கள்.

மரம் நடுங்க, மழை வரும் என்று சின்ன வயதிலிருந்தே படித்திருக்கிறோம். மரம் நல்லதுதான். நிழல் தரும், மண்ணைப் பிடித்து வைக்கும், காற்றைக் குளிர்விக்கும். ஆனால் மரமும் தண்ணீர் குடிக்கும். கீழே இருக்கிற ஏரிக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது எந்த மரம், எவ்வளவு நெருக்கம், எந்த இடம், எப்போது வெட்டுவது என்ற நான்கையும் பொறுத்தது. இந்த நான்கும் மனிதர்கள் எடுக்கிற முடிவுகள். அதனால்தான் இதில் உங்களுக்கும் பேச இடம் இருக்கிறது.

பெய்த மழை எங்கே போகிறது?

நம்ம மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை. அந்த மழை ஒரு தோப்பின் மேல் விழும்போது மூன்று இடத்தில் குறைகிறது.

முதலில், இலையில். சிறு தூறல் என்றால் இலையை நனைத்துவிட்டு அப்படியே ஆவியாகிவிடும். தரைக்கே வராது.

இரண்டாவது, வேரில். மண்ணுக்குள் இறங்கிய தண்ணீரை வேர் உறிஞ்சி, இலை வழியாக ஆவியாக வெளியே விடுகிறது. நெல்லோ சோளமோ அறுவடை முடிந்தால் இந்த வேலையை நிறுத்திவிடும். தைலமரம் வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கிற மரம். சித்திரை வைகாசியிலும் அது குடித்துக்கொண்டுதான் இருக்கும்.

மூன்றாவது, தோப்புக்குள் போட்டிருக்கும் வரப்பிலும் பள்ளத்திலும். மழைநீர் வெளியே ஓடாமல் மரத்துக்கே கிடைக்கட்டும் என்று சரிவுக்குக் குறுக்கே வெட்டுகிறார்கள். மொட்டைச் சரிவில் இது மண் அரிப்பைத் தடுக்கும், நிலத்தடி நீரையும் கூட்டும். ஏரியின் நீர்பிடிப்புப் பகுதிக்குள்ளேயே இருக்கும் பெரிய தோப்பில் இதைச் செய்தால் ஏரிக்கு வர வேண்டிய ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். புதுக்கோட்டை மாவட்டத்தில் விவசாயிகள் தைலமரக் காடுகளைப் பற்றிப் பேசும்போது இந்த வரப்புகளையும் குறையாகச் சொல்கிறார்கள்.

இந்த மூன்றும் போக மிஞ்சுவதுதான் ஓடையில் ஓடி, வரத்து வாய்க்காலில் சேர்ந்து, ஏரிக்கு வருகிறது.

அளந்து பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

"தைலமரம் தண்ணியை உறிஞ்சிடும்" என்று ஊரில் சொல்வதைச் சிலர் வெறும் பேச்சு என்று தள்ளிவிடுகிறார்கள். இதை வருஷக்கணக்கில் அளந்து பார்த்த இடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. நீலகிரியில் கிளன்மார்கன் என்ற இடம். உதகமண்டலத்தில் உள்ள மத்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சிறிய நீர்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தது. முதலில் சில ஆண்டுகள் இரண்டிலும் ஓடும் தண்ணீரை அப்படியே அளந்தார்கள். 1972-ல் ஒன்றை இயற்கையான புல்வெளியும் சோலையுமாக விட்டுவிட்டு, மற்றொன்றில் ஏறத்தாழ 59 சதவீத நிலத்தில் தைலமரம் நட்டார்கள்.

பத்து ஆண்டு அளந்ததில், தைலமரம் நட்ட பக்கத்தில் ஓடைநீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது ஆண்டுக்கு 87 மில்லிமீட்டர். ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ மூன்றரை லட்சம் லிட்டர்.

அடுத்து நடந்ததை இன்னும் கவனமாகக் கேளுங்க. 1982-ல் மரங்களை வெட்டினார்கள். வெட்டினால் தண்ணீர் திரும்பி வரும் என்றுதானே நினைப்போம்? தைலமரத்தை வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். கீழே வேர் ஏற்கெனவே ஆழமாக இறங்கித் தயாராக இருக்கிறது. அதனால் இரண்டாம் சுற்றில் மரம் வேகமாக வளர்ந்தது, குடித்த தண்ணீரும் கூடியது. இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. கோடைக்காலத்தில் ஓடையில் ஓடும் மெல்லிய ஓட்டம் இதைவிடக் கூடுதலான விகிதத்தில் குறைந்தது.

மரமும் அதேதான், நிலமும் அதேதான். கட்டையைத் துளிர்க்க விட்டது என்ற ஒரே ஒரு பராமரிப்பு முடிவு கீழே போகும் தண்ணீரை மாற்றிவிட்டது.

நீலகிரி குளிர்ந்த மலை, நம்ம ஊர் சூடான சமவெளி. அங்கே கிடைத்த எண்ணை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. அதனால் நம்ம பக்கத்து வறண்ட நிலத்துக்கு நெருக்கமான இன்னொரு ஆய்வையும் பார்ப்போம். பெங்களூரு அருகே ஹொசகோட்டேயில், இயான் கால்டர் என்ற நீரியல் அறிஞரின் குழு ஆழமான மண்ணில் நின்ற இளம் தைலமரத் தோப்பை அளந்தது. மூன்று ஆண்டில் பெய்த மழை ஏறத்தாழ 2100 மில்லிமீட்டர். மரம் எடுத்தது ஏறத்தாழ 3400 மில்லிமீட்டர். பெய்ததைவிட அதிகமாக எப்படிக் குடிக்க முடியும்? வேர் ஆண்டுதோறும் இன்னும் ஆழமாக இறங்கி, முந்தைய காலத்தில் மண்ணில் சேர்ந்திருந்த ஈரத்தையும் எடுத்துக்கொண்டது. சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுத்துச் செலவு செய்வது மாதிரிதான்.

இதே குழு, மண் ஆழம் குறைந்த கர்நாடகத்து இடங்களிலும் அளந்தது. அங்கே தைலமரம் எடுத்த தண்ணீர் பக்கத்து நாட்டுக்காடு எடுத்ததைவிட அதிகமாக இல்லை. ஆனால் இரண்டுமே கேழ்வரகுப் பயிரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு எடுத்தன. ஆகவே "தைலமரம் கெட்டது, நாட்டு மரம் தண்ணியே குடிக்காது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மேட்டில் எந்த மரத்தை எவ்வளவு பரப்பில் நெருக்கமாக நட்டாலும் கீழே ஒரு விலை உண்டு. ஆழமான மண்ணில் வேகமாக வளரும் மரத்துக்கு அந்த விலை கூடுதல்.

நம்ம ஏரிக்கு ஒரு கணக்கு

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இது எந்த ஊரிலும் அளந்தது இல்லை, புரிந்துகொள்வதற்காக மட்டும். உங்கள் ஏரிக்கு மேலே 100 ஏக்கர் தோப்பு இருக்கிறது, அதனால் ஓட்டம் ஆண்டுக்கு 50 மில்லிமீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 4,047 லிட்டர். மொத்தம் 2 கோடி லிட்டர் வருகிறது. கிராமக் குடிநீர்த் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அளவு. ஆயிரம் பேர் இருக்கும் ஊருக்கு இந்த 2 கோடி லிட்டர் ஒரு வருஷத் தண்ணீர்.

ஏரி ரொம்பினால் பாசனம் மட்டும் இல்லைங்க. அதைச் சுற்றியுள்ள கிணறும் ஆழ்துளைக் கிணறும் ஊறுவது அந்தத் தண்ணீரால்தான். உங்கள் தெருக் குழாயில் வரும் தண்ணீருக்கும் மேட்டுத் தோப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

விவசாயி ஏன் நடுகிறார்?

தைலமரம் நட்ட விவசாயியைக் குற்றவாளி ஆக்குவது நியாயம் இல்லை. ஆள் கிடைக்கவில்லை, மழை நம்ப முடியவில்லை, ஆடு மாடு மேயாத பயிர் வேண்டும், ஒரு தொகை மொத்தமாகக் கைக்கு வர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் தைலமரமும் சவுக்கும் பதில் சொல்கின்றன. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் போன்ற ஆலைகள் விவசாயிகளிடமிருந்து மரம் வாங்குகின்றன. நாம் எழுதும் நோட்டும் படிக்கும் புத்தகமும் அதிலிருந்தும் வருகின்றன. அரசு நிலத்திலும் இதே மரங்கள் உண்டு. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு 1974-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் இந்த வட்டாரத்தில் தைலமரம், முந்திரித் தோட்டங்களைப் பராமரித்து வருகிறது.

அதனால் "எல்லாத்தையும் வெட்டிப் போடு" என்பது தீர்வு இல்லை. ஒரே சமயத்தில் ஒரு மேட்டை மொட்டையாக்கினால் அடுத்த மழையில் மண் முழுக்க ஏரிக்குள் வந்துவிடும். தண்ணீர் வந்தாலும் நிற்க இடம் இருக்காது. வெட்டுவதற்கும் ஒரு முறை வேண்டும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

தென்னாப்பிரிக்கா மழை குறைந்த நாடு. பைன், தைலமரத் தோப்புகளால் ஆறுகள் மெலிவதைப் பல பத்தாண்டுகள் அளந்து பார்த்துவிட்டு, 1972-லேயே புதிய தோப்பு போட அனுமதி வாங்க வேண்டும் என்று விதித்தார்கள். 1998-ல் வந்த அவர்களுடைய தேசிய நீர்ச் சட்டம், வணிகத்துக்காகத் தோப்பு வளர்ப்பதை 'ஓடைநீரைக் குறைக்கும் செயல்' என்றே வகைப்படுத்தியது. ஆற்றில் மோட்டார் வைத்து இறைப்பவரைப்போல, மேட்டில் தோப்பு போடுபவரும் தண்ணீருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 1995-ல் தொடங்கிய இன்னொரு திட்டத்தில், ஆற்றோரம் பரவிய அயல்மரங்களை அகற்றும் வேலையை ஏழைக் குடும்பங்களுக்குக் கூலி வேலையாகக் கொடுத்தார்கள். தண்ணீரும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது.

பக்கத்துக் கர்நாடகம் 2017-ல் புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை போட்டது. நம் தமிழ்நாடு அரசு 2022-ல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி, அந்த இடங்களை இயற்கை நிலைக்கு மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. சீமைக் கருவேலம் அதில் முக்கியமானது. அதே ஆண்டு தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவதை இலக்காக வைத்திருக்கிறது. நிறைய மரம் நடப்போகிறோம். அதனால்தான் எதை எங்கே நடுகிறோம் என்று இப்போதே பேச வேண்டியிருக்கிறது.

தோப்பு வைத்திருப்பவர்களுக்கு

ஒன்று, ஓடை, வரத்து வாய்க்கால் இரண்டு பக்கமும் ஒரு பட்டை நிலத்தைத் தைலமரம் இல்லாமல் விடுங்கள். அங்கே புல்லும் புதரும் இருந்தால் போதும். மண் உள்ளே போகாது, தண்ணீர் போகும்.

இரண்டு, நெருக்கத்தைக் குறையுங்கள். இடைவெளி விட்டால் மழை தரையில் விழும், நடுவில் தீவனமும் வளரும்.

மூன்று, வெட்டும்போது ஒரே ஆண்டில் முழுவதையும் வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டுங்கள். மேட்டில் எப்போதும் கொஞ்சம் மரமும் கொஞ்சம் திறந்த நிலமும் இருக்கும்.

நான்கு, கட்டையைத் துளிர்க்க விடுவதா, தோண்டி எடுப்பதா என்று ஒவ்வொரு முறை வெட்டும்போதும் யோசியுங்கள். ஏரிக்கு நேர் மேலே உள்ள பகுதியில் கட்டையை எடுத்துவிட்டு மாற்றுப் பயிருக்கு அல்லது மரத்துக்குப் போவது நல்லது. சீமைக் கருவேலத்துக்கும் இதே விதி. வேரோடு எடுக்காமல் மேலே வெட்டினால் மறுபடி தழைத்துவிடும்.

ஐந்து, மாற்று மரம் தேடினால் வேளாண்மைத் துறையின் வேளாண் காடு வளர்ப்புத் திட்டத்தில் கன்றுகளுக்கு உழவன் செயலியில் பதிவு செய்யலாம். வேம்பு, புங்கன், இலுப்பை நம்ம மண்ணுக்குப் பழகியவை. ஏரிக்கரையில் பனை. வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும்.

உங்கள் கைபேசியில் என்ன செய்யலாம்?

தோப்பு இல்லாதவர்களும் செய்ய வேண்டியது இருக்கிறது.

முதலில், உங்கள் ஏரியை வரைபடச் செயலியில் செயற்கைக்கோள் படமாகத் திறந்து பாருங்கள். ஏரியிலிருந்து ஓடை எந்தப் பக்கம் மேலே போகிறது என்று விரலால் தேடிக்கொண்டே போங்கள். எங்கே தோப்பு, எங்கே குவாரி, எங்கே வாய்க்கால் மறைகிறது என்று தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வழியே நடந்தும் பாருங்கள்.

இரண்டாவது, தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரத்திலும்' நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு 'அ' பதிவேடும் புலப்படமும் பாருங்கள். ஓடைப் புறம்போக்கா, பட்டா நிலமா, அரசு நிலமா என்று தெரிந்தால்தான் யாரிடம் பேசுவது என்று தெரியும்.

மூன்றாவது, ஏரி யார் பொறுப்பு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 100 ஏக்கருக்கும் அதிகமான ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையின் கீழ் வரும். சிறிய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் கீழ் வரும். தவறான அலுவலகத்தில் மனு கொடுத்தால் அது சுற்றிவிட்டு வர மாதக்கணக்காகும்.

நான்காவது, மேட்டில் இருப்பது அரசுத் தோட்டம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் நான்கு கேள்வி கேளுங்கள். தோட்டத்தின் பரப்பு எவ்வளவு? நட்ட ஆண்டு எது? அடுத்து வெட்டும் ஆண்டு எது? வெட்டிய பிறகு என்ன செய்யப்போகிறார்கள்? முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

ஐந்தாவது, அந்தப் பதிலோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை நடக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். இந்தப் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. "ஏரியைத் தூர் வாருங்கள்" என்ற தீர்மானத்தோடு, "நீர்பிடிப்பில் அடுத்த சுற்று நடவுக்கு முன் ஊரைக் கலந்து பேசுங்கள், தோப்புக்குள் உள்ள குறுக்கு வரப்புகளைப் பார்வையிடுங்கள்" என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தீர்மான நகலைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலோ, 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணிலோ அதைத் தொடரலாம்.

ஆறாவதாக ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு பெரிய மழைக்கு மறுநாளும் ஏரி மதகை ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். இரண்டு பருவத்துக்கு எடுத்தால், எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று ஊரே பார்க்கலாம். "அந்தக் காலத்துல ரொம்பும்" என்று வாயால் சொல்வதைவிட, தேதியோடு இருக்கிற அந்தப் படங்களை அதிகாரி முன்னால் வைப்பது வலுவானது.

தைலமரம் ஒரு முறை நட்டால் வெட்டுவதற்கு நான்கைந்து ஆண்டு ஆகும். கட்டையைத் துளிர்க்க விட்டால் மறுபடி நான்கைந்து ஆண்டு. அந்த இடைவெளியில் யார் பேசினாலும் பயன் குறைவு. வெட்டுகிற ஆண்டில் பேசினால்தான் மாற்ற முடியும். உங்கள் ஏரிக்கு மேலே உள்ள தோப்பு எந்த ஆண்டு வெட்டுக்கு வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைக்கு நான் கேட்டுக்கொள்வது அது ஒன்றுதான்.